சினிமாப் பக்கம் என்றால் இளப்பமா?



பத்திரிகையில் அரசியல் பக்கம் பார்ப்பவருக்கு ஒரு மரியாதை, சினிமாப் பக்கம் பார்ப்பவருக்கு வேறொரு மரியாதை. இது சரியா என்று பிலிப்பைன்ஸை வைத்து யோசித்துப் பாருங்கள்.

மணிலாவில் 'அபாந்தே', 'புல்கார்' போன்ற பிலிப்பினோ மொழிப் பத்திரிகைகள் சாதாரண மக்களுக்கானவை. சினிமாச் செய்திகளுக்கு அவற்றில் தனி இடம் உண்டு. அந்த நாட்டில்தான் நடிகர் ஜோசப் எஸ்ட்ராடா 1998இல் ஜனாதிபதி ஆனார். ஊழல் புகாரில் 2001இல் பதவி இழந்தார். 2004இல் இன்னொரு பெரிய நடிகர் ஃபெர்னாண்டோ போ ஜூனியர் போட்டியிட்டுத் தோற்றார். இன்று சினிமாப் பக்கத்தில் வரும் பெயர், நாளை வாக்குச்சீட்டில் வரும்!

அப்படியானால் அந்தப் பக்கத்தின் ஆசிரியர் லேசுப்பட்டவரா?

அவருக்கு இரண்டு பக்கமும் இடி. உள்ளதை எழுதினால் வழக்கு. அவதூறு அங்கே கிரிமினல் குற்றம், சிறைக்கும் அனுப்பலாம். அதனால்தான் பெயர் சொல்லாத கிசுகிசு செழிக்கிறது. மறுபக்கம், நடிகருக்கு மேலாளராக இருப்பவரே பத்தியும் எழுதுவது அங்கே நடக்கிற விஷயம். தேர்வு எழுதுகிற பையனே விடைத்தாளையும் திருத்தினால் எப்படி?

என் கருத்து இதுதான்: நடிகரிடம் சம்பளம் வாங்குபவரின் எழுத்தை ஆசிரியர் அச்சேற்றக் கூடாது. அரசியல் பக்கத்துக்கு உள்ள கட்டுப்பாடு சினிமாப் பக்கத்துக்கும் வேண்டும். அதைப் படிப்பவரும் ஓட்டுப் போடுபவர்தானே?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?