பழைய துணியில் முதலில் பார்ப்போம்

இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால், "டீசேர்ட்டில் இல்லச் சின்னத்தை பெயின்ட் பண்ணிட்டு வாங்க" என்று பிள்ளைகளிடம் லேசாகச் சொல்லி விடுகிறோம். சில வீடுகளில் அந்த டீசேர்ட் ஒரு நாள் சமையல் காசு.

வெறும் அக்ரிலிக் காய்ந்தால் விறைக்கும், கழுவக் கழுவ வெடிக்கும். ஃபெப்ரிக் மீடியம் கலந்தால் துணியோடு வளையும். ஆனால் கலக்கும் அளவு கம்பனிக்குக் கம்பனி வேறு: ஒன்றில் சரிக்குச் சரி, இன்னொன்றில் 2 பங்கு பெயின்ட்டுக்கு 1 பங்கு மீடியம்.

ஆகவே ஆசிரியர்களாகிய நாமே முதலில் பழைய பருத்தித் துணியில் பூசி, 24 மணித்தியாலம் காயவிட்டு, மறுபக்கத்தால் அயன் பண்ணி, ஐந்து தரம் கழுவிப் பார்ப்போம். நிறம் நின்ற கலவையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். மீடியத்தை வகுப்புக்கே பொதுவாக வாங்குவோம்.

பெற்றோரின் காசில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.