திறந்து மூடிவிட்டார்கள் என்ற பிறகு



"திறந்து பார்த்திட்டு மூடிப் போட்டினம்." புற்றுநோயைப் பற்றிக் கதைக்கும்போது எங்கள் ஊர்களில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. சொல்பவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். கேட்பவர் "ஐயோ கடவுளே" என்பார். அதோடு கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது, வருத்தக்காரரை யார் பார்க்கிறார்கள் என்று எவரும் கதைப்பதில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2023 ஆம் ஆண்டு என் மூத்த அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அவருக்கு அப்போது 61 வயது. கணவரை 2008 இல் ஷெல் வீச்சில் இழந்தவர். மூத்த மகனை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. மகள் திருமணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். அக்காவும் நானும்தான் ஒரே வளவில் இருந்தோம். எனவே பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் மறைந்து கிடக்கும் உறுப்பு. அதனால் அங்கே கட்டி வளர்ந்தாலும் நெடுநாள் தெரிவதில்லை. அக்காவுக்கு முதலில் சாப்பாட்டில் மனம் இல்லாமற் போனது. பிறகு உடம்பு மெலிந்தது. கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம் போலவும் மலம் வெளுத்தும் போய், உடம்பெல்லாம் கடிக்கத் தொடங்கிய பிறகுதான் ஸ்கான் எடுத்தோம். இந்த நோய் வந்த நூறு பேரில் ஏறக்குறைய இருபது பேருக்குத்தான் சத்திரசிகிச்சை செய்யக்கூடிய நிலை இருக்கும். அக்கா அந்த இருபதில் ஒருவர் என்றுதான் ஸ்கான் காட்டியது. வயிற்றைத் திறந்தபோது ஈரலின் மேல் கடுகு போலச் சிறு சிறு புள்ளிகள் இருந்திருக்கின்றன. அவ்வளவு சிறியவை ஸ்கானில் தெரியாமற் போவதுண்டு. நோய் அங்கே போய்விட்டால் கணையத்தை வெட்டி எடுத்தும் பயன் இல்லை. உடம்புக்குப் பெரிய வேதனைதான் மிஞ்சும். அதனால் டொக்டர்மார் எடுக்காமல் விட்டார்கள்.

சனங்கள் "காற்றுப் பட்டதால்தான் பரவினது" என்றார்கள். அப்படி இல்லை. பரவியிருந்ததைக் கண்டதால்தான் மூடினார்கள். "என்ன பாவம் செய்தாவோ" என்றும் சிலர் சொன்னார்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்: இது எவரும் செய்த பாவத்தால் வருவதல்ல.

மூடினார்கள் என்றால் ஒன்றுமே செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை. பித்தம் வடியவும் சாப்பாடு இறங்கவும் மாற்றுவழி வைத்துத் தைப்பார்கள், அல்லது பித்தக் குழாய்க்குள் ஒரு சிறு குழாய் வைப்பார்கள். வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் இது எழுதியிருக்கும். எழுதியிருப்பது விளங்காவிட்டால் வாட்டு டொக்டரிடம் கேட்டுத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் அது உதவும்.

சொல்வதா, மறைப்பதா?

வெளிநாட்டில் இருக்கும் தம்பி தொலைபேசியில் அழுதான். "அக்காவுக்குச் சொல்லாதேங்கோ, தாங்க மாட்டா" என்றான். மகளும் அதையே சொன்னாள். அவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் காயம் ஆறத் தொடங்கிய நாலாம் நாள் அக்காவே என்னைக் கேட்டார்.

"பிள்ளை, அவங்கள் எடுக்கேல்லைத்தானே?"

"ஓம் அக்கா. எடுக்க ஏலாமப் போச்சு. ஈரலிலயும் இருக்காம்."

அக்கா கொஞ்ச நேரம் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பதினாலு வருசமா ஆரைக் கேட்டாலும் ஒருத்தரும் ஒரு மறுமொழி சொல்லேல்லை. நீயாவது சொன்னாய்."

மகனைத்தான் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. சகோதரிகளே, பதில் இல்லாமல் வாழ்வது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். அதே வேதனையைச் சாகக் கிடப்பவருக்கு நாங்கள் கொடுக்கலாமா? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தேவையில்லை. கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொன்னால் போதும். கேட்க விரும்பாதவரை விட்டுவிடுங்கள். ஆனால் கேட்பவரிடம் பொய் சொன்னால், அவர் தன் பயத்தைத் தனியே சுமக்க வேண்டி வரும்.

உண்மை தெரிந்ததால் அக்காவால் தானே முடிவெடுக்க முடிந்தது. ஊசி மருந்து ஏற்றினால் நோய் மாறாது, கொஞ்சக் காலம் கூடக் கிடைக்கலாம் என்று டொக்டர் விளக்கினார். அக்கா சில தடவை ஏற்றிப் பார்த்தார். களைப்புக் கூடியதும், "காணும்" என்று நிறுத்தச் சொன்னார். நாங்கள் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

நோவைத் தாங்கத் தேவையில்லை

இந்த நோயில் மேல் வயிற்றில் தொடங்கும் நோ முதுகுக்குப் பாயும். நிமிர்ந்து படுத்தால் கூடும், முன்னுக்குக் குனிந்து தலையணையைக் கட்டிப் பிடித்து இருந்தால் கொஞ்சம் குறையும். எங்கள் பெண்கள் நோவைப் பல்லைக் கடித்துத் தாங்கப் பழகியவர்கள். அக்காவும் அப்படித்தான். "இதைவிட எவ்வளவைப் பாத்தாச்சு" என்பார். ஆனால் தாங்குவதால் ஒரு நன்மையும் இல்லை. நித்திரை போகும், சாப்பாடு போகும், கதைக்கும் ஆசையும் போகும்.

மோர்பின் என்ற மருந்து அரச வைத்தியசாலைகளில் கிடைக்கிறது. தெல்லிப்பளையிலும் மகரகமவிலும் புற்றுநோய்க்கென்றே வைத்தியசாலைகள் உள்ளன. தெல்லிப்பளை வைத்தியசாலை, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் எல்லா இனத்தவரும் சேர்ந்து நடந்து திரட்டிய பணத்தில் எழுந்தது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு.

மோர்பின் என்றதும் சிலர் "அது கடைசி மருந்து", "பழக்கமாகிப் போகும்" என்று பயப்படுகிறார்கள். நோவுக்காக டொக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. நான் கற்றுக்கொண்டவை இவை:

நோ வந்த பிறகு தேடிக் கொடுக்கும் மருந்தல்ல இது. மணிக்கூட்டைப் பார்த்து, சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். இடையில் நோ வந்தால் என்ன கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் குளிசையை உடைக்கவோ இடிக்கவோ கூடாது. மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதனால் மலமிளக்கியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். முதல் சில நாள் தூக்கம் வரும், பிறகு குறையும். எழுப்ப முடியாத மயக்கம் என்றாலோ மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு அறிவியுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

இவ்வளவு செய்தும் நோ அடங்காவிட்டால், கணையத்தின் நரம்புக் கூட்டத்துக்கு ஊசி போட்டு நோவைக் குறைக்கும் முறையும் உண்டு. அது கிடைக்குமா என்று கேட்பதில் தவறில்லை.

சாப்பாடு

"ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்று கெஞ்சுவதுதான் பார்ப்பவருக்கு மிகப் பெரிய துன்பம். கணையம்தான் கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நீரைச் சுரக்கிறது. அது பழுதானால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிடிப்பாக, கடும் மணத்தோடு மிதந்தால் அதுதான் காரணம். டொக்டரிடம் சொன்னால் அந்த நீருக்குப் பதிலாக ஒரு கப்சியூல் தருவார். அதைச் சாப்பாட்டுக்குப் பின் அல்ல, முதல் வாயோடு எடுக்க வேண்டும். சூடான தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. இது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. முஸ்லிம் சகோதரிகளும் மரக்கறி மட்டும் உண்பவர்களும் இதைத் தெரிந்துகொண்டு, தங்கள் பெரியவர்களோடும் டொக்டரோடும் கதைத்து முடிவெடுக்கலாம்.

மூன்று வேளை பெரிய கோப்பையில் போடுவதை நான் நிறுத்தினேன். சின்னக் கிண்ணத்தில் ஆறு தடவை கொடுத்தேன். பாற்கஞ்சி, அவித்த முட்டை, மீன் சொதியில் ஊறின இடியப்பம், நன்றாகக் கனிந்த வாழைப்பழம். சில நாள் எதுவும் இறங்காது. அன்றைக்கு நான் வற்புறுத்தவில்லை. இந்த நோயில் புதிதாக நீரிழிவும் வரலாம். அப்படியானால் எதைத் தள்ளுவது என்று நீங்களே தீர்மானிக்காமல் டொக்டரைக் கேளுங்கள். மெலிந்து போகிறவரைப் பழைய பத்தியத்தில் கட்டிப்போடத் தேவையில்லாமல் இருக்கலாம்.

தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்களும் உண்டு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், திரும்பவும் கண் மஞ்சளாதல், காலையில் சாப்பிட்டது மாலையில் அப்படியே வாந்தியாதல், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், திடீரென்று மூச்சுத் திணறல், கறுப்பு மலம் அல்லது இரத்த வாந்தி. இவற்றை நான் ஒரு மட்டையில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். இரவில் பதற்றத்தில் மூளை வேலை செய்யாது. எழுத்து வேலை செய்யும்.

உடம்பு நோ மட்டுமல்ல

லண்டனில் 1967 இல் செயின்ற் கிறிஸ்தோபர் என்ற பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் முதலில் தாதியாகவும், பிறகு சமூக சேவையாளராகவும், அதன்பின் டொக்டராகவும் வேலை செய்தவர். சாகும் நிலையில் இருப்பவரின் நோ உடம்பில் மட்டும் இல்லை, மனத்திலும் குடும்பக் கவலையிலும் நம்பிக்கையிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார்.

அக்காவின் அந்த நோ ஒரு நீலக் கோவைக்குள் இருந்தது. மகனின் படம், பிறப்புச் சான்றிதழ், மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் கொடுத்த முறைப்பாடுகளின் துண்டுகள், 2013 இல் அமைத்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்குக் கொடுத்த வாக்குமூலம், 2018 இல் வேலை தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கடிதம். மோர்பின் எடுத்தும் இரவில் நித்திரை வராமல் இருந்தார். கேட்டபோது, "நான் போனா அவனை ஆர் தேடுறது?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மகளை வரச் சொன்னோம். மூவரும் கட்டிலில் இருந்து கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். எந்தக் கடதாசி எங்கே கொடுத்தது, கடைசியாக மகனைக் கண்டது எந்த இடம், யார் கூட நின்றார்கள் என்று அக்கா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். இலக்கங்களைத் தனியே குறித்தோம். தாய்தான் முறைப்பாடு செய்ய வேண்டும் என்றில்லை. அந்த அலுவலகத்துக்கு உறவினர் எவரும் முறைப்பாடு கொடுக்கலாம். மகள் கோவையை வாங்கி, "இனி நான் பாக்கிறன் அம்மா" என்றாள். அன்றிரவு அக்கா நித்திரை கொண்டார். எந்தக் குளிசையாலும் முடியாதது அது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கோவை இல்லாமல் இருக்கலாம். காணி உறுதியோ, ஒரு கடனோ, கதைக்காமல் விட்ட ஒரு உறவோ இருக்கும். கேளுங்கள். "என்ன யோசிக்கிறியள்?" என்ற கேள்வியும் ஒரு மருந்துதான்.

கடைசி நாட்களில் சாப்பாடும் தண்ணீரும் நின்றுவிடும். அது பட்டினி அல்ல. உடம்பு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. வாயில் கஞ்சி ஊற்றினால் புரையேறும். சுத்தமான துணியை நனைத்து உதட்டையும் வாயையும் ஈரமாக்கினால் போதும். விழுங்க முடியாதபோது நோ மருந்தை வேறு வழியில் கொடுக்க முடியும், முன்பே கேட்டு வையுங்கள். அக்கா சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். வீட்டில், நோ இல்லாமல், மகளின் கையைப் பிடித்தபடி போனார்.

எங்களில் பலர் தங்கள் உறவுகளுக்கு ஒரு வாய் தண்ணீர் பருக்கக்கூட முடியாமல் பறிகொடுத்தவர்கள். அதனால் ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கும்போது பழையதெல்லாம் திரும்பி வரும். ஆஸ்பத்திரி மணமும் சேலைன் போத்தலும் சிலருக்கு 2009 ஐக் கொண்டுவரும். அப்படி வந்தால் எழுந்து வெளியே போய் முகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள். ஒருவர் தனியே பார்க்க முடியாத வேலை இது. எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் முறை வைத்து வந்து இருந்ததால்தான் நான் நித்திரை கொண்டேன்.

ஆகவே, உங்கள் ஊரில் யாரையாவது "திறந்து மூடிப் போட்டினம்" என்று கேள்விப்பட்டால் அதோடு கதையை முடித்துவிடாதீர்கள். அந்த வீட்டுக்குப் போங்கள். கொஞ்சம் கஞ்சி கொண்டு போங்கள். பார்ப்பவளிடம், "நான் ரெண்டு மணித்தியாலம் இருக்கிறன், நீ போய்ப் படு" என்று சொல்லுங்கள்.