கல்லா, கண்ணாடியா? தராசைக் கேளுங்கள்!



ஈரோடு பக்கம் கொடுமணலில் கல்மணி செய்தார்கள். புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் கல்மணியோடு கண்ணாடி மணியும் செய்தார்கள். இரண்டாயிரம் வருஷமாக இரண்டும் நம் மண்ணில் உண்டு. ஆனால் இன்று பாட்டியின் மணிமாலையை விற்கப் போனால், நிறத்தைப் பார்த்தே "எல்லாம் கண்ணாடிம்மா" என்று முடித்து விடுகிறார்கள். எங்க வீட்டு மாலையும் அப்படித்தான் போனது. எதிர்த்துக் கேட்க அன்று வீட்டில் படித்தவங்க யாருமில்லை.

இப்போது நாம் இருக்கிறோமே! ஃபிசிக்ஸ் லேபில் செய்த ஆர்க்கிமிடீஸ் சோதனை போதும். நூலிலிருந்து கழற்றிய நீல மணி காற்றில் 2 கிராம், தண்ணீரில் 1.5 கிராம் என்றால் ஒப்படர்த்தி 4. அது நீலக்கல்லுக்கு உரிய எண். தண்ணீரில் 1.2 கிராம்தான் என்றால் 2.5, அது சாதாரணக் கண்ணாடியின் எண், நிச்சயம் நீலக்கல் இல்லை. துளைக்குள் காற்றுக்குமிழி தங்கக் கூடாது. உரசிப் பார்க்காதீர்கள், மணி பாழாகிவிடும். செயற்கை நீலக்கல்லும் 4 தான் காட்டும். அதைப் பிரிக்க ரத்தினப் பரிசோதனைக் கூடம்தான் வேண்டும்.

நம் யூனியன் வருஷத்தில் ஒரு நாள் லேபைத் திறக்கச் சொல்லி, ஆற்காட்டு அம்மாக்களின் மாலைகளை எடை போட்டுச் சொல்லட்டும். சொன்ன விலைக்கெல்லாம் நம்மவர்கள் தலையாட்டாமல் இருக்க, நாம் படிக்கிற படிப்பு இதுகூடச் செய்யாதா?