ஆடு தின்னாததை யார் தின்பார்?

ஈரோட்டில் வாடகை வீட்டுக்குப் பொடக்காளி அமைவது, எதிர்பாராமல் அரியர்ஸ் வந்த மாதிரி. எனக்கு அமைந்தது. ஆறடிக்கு நாலடி. ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு துவைக்கிற கல், மிச்சம் மண்.

"ரோஜா வைக்கலாமுங்க" என்றாள் மனைவி.

நான் அறச்சலூர்ப் பக்கம் அம்மிச்சி தோட்டத்துக்குப் போய் ஆடுதின்னாப்பாளை கொண்டு வந்தேன். தரையோடு படரும் செடி. குழல் மாதிரிப் பூ. கசப்பில் ஆடுகூட வாய் வைக்காது என்பதால் அந்தப் பெயர். ஒரு காலத்தில் காட்டு வரப்பெல்லாம் கிடந்தது. இப்போது அம்மிச்சியே நாலு வரப்பு தேடித்தான் எடுத்துக் கொடுத்தார்.

"ஆடே வேண்டாங்கறதையா கொண்டாந்தீங்க?"

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், ஆடு தின்னாததை யாரோ தின்றுகொண்டிருந்தார்கள்! கறுப்புப் புழுக்கள். உடம்பெல்லாம் சிவப்பு முள், நடுவில் வெள்ளைப் பட்டை. ஓடிப்போய் மருந்து வாங்கி வந்து பாட்டிலைக் குலுக்கினேன்.

"அடிச்சுப்போடாதீங்கண்ணா!" வண்ணத்துப்பூச்சியைப் படம் பிடித்துத் திரியும் ஆபீஸ் தம்பி, மதில் மேல் எட்டிப் பார்த்தான்.

அவன் சொன்னது இதுதான். அது ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு. இந்தச் செடி, இதன் சொந்தக்காரி ஈசுவரமூலி என்று ஒரே குடும்பத்து இலைதான் அதற்குச் சோறு. இலையின் விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஒருமுறை ருசி பார்த்த குருவி மறுபடி கிட்டே வராது. என் கறிவேப்பிலை மரத்தில் வளரும் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண்களில் சில, விஷமே இல்லாமல் அதே வேஷம் போட்டுத் தப்பிக்கின்றன. ஒரிஜினல் ஒழிந்தால் டூப்ளிகேட் பாடும் திண்டாட்டம்தான்!

"2019-ல நம்ம அரசாங்கம் 'தமிழ் மறவனை' மாநில வண்ணத்துப்பூச்சின்னு அறிவிச்சுதுங்கண்ணா. பூச்சிக்குப் பட்டம் கொடுத்தாச்சு, சோறு போட வேண்டாமா?"

பாட்டிலைக் கீழே வைத்தேன். (இலையை நீங்கள் தின்று பார்க்காதீர்கள் சார். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.)

மறுவாரம் வீட்டுக்காரர் வந்தார்.

"தம்பி, நீங்க கேட்டுட்டே இருந்தீங்களே... பொடக்காளிக்கு சிமென்ட் போட்டுடறேனுங்க. பைக்கை உள்ளே நிறுத்திக்கலாம்."

ரெண்டு வருஷமாக நான் கெஞ்சிய பார்க்கிங்! வாய் வரை 'சரிங்க' வந்துவிட்டது. மனைவி செடியைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன்.

"வேண்டாமுங்க."

பைக் தெருவிலேயே தூங்குகிறது. போன வாரம் எவனோ பெட்ரோலை உறிஞ்சிவிட்டான். பி.காம். படித்தவன் இல்லையா? டைரியில் செலவுப் பக்கம் இருநூறு ரூபாய் எழுதினேன். வரவுப் பக்கம் காலி.

காலையில் பார்த்தால் அங்கே மனைவியின் கையெழுத்து: "இன்னைக்குப் பறந்தது: நாலு."