என்னைத் தெரியுதா?

கல்யாண மண்டபங்களில் ஒரு ரக ஆசாமிகள் உண்டு. வயசானவர் யாராவது ஃபேனுக்கு அடியில் அப்பாடா என்று உட்கார்ந்திருந்தால் போச்சு! நேராக எதிரே போய் நின்று, “என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!” என்பார்கள். ஐ.ஏ.எஸ். இன்டர்வியூகூடப் பரவாயில்லை.

போன வைகாசியில் மாட்டினவர் என் அப்பா. வயது 74. கேள்வி கேட்டவர், ஆபீஸில் பதினோரு வருஷம் அப்பாவுக்குப் பக்கத்து ஸீட். அப்பாவுக்குப் பேர் வரவில்லை. அசடு வழிந்தார். “ஸார் நம்மளை மறந்துட்டாரு!” என்று அவர் நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்ல, நானாவது சும்மா இருந்திருக்கலாம். “இப்பல்லாம் அப்பாவுக்கு எதுவுமே ஞாபகம் இருக்கறதில்லை ஸார்” என்று எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தோம், அப்பாவைத் தவிர.

அதற்கப்புறம் அப்பா எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. “கால் வலிக்குதுடா, நீங்க போயிட்டு வாங்க.” சாயந்திரம் பார்க் பெஞ்சில் கூடும் பெரிசுகள் கோஷ்டிக்கும் டிமிக்கி. செல்போன் அடித்தால் எடுத்து அம்மாவிடம் நீட்டிவிடுகிறார். கால் வலிக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு உறைக்க மூணு மாசம் ஆச்சு.

மறதி ஒரு பக்கம். ‘நமக்கு மறதி வந்துடுச்சு’ என்கிற பயம் இன்னொரு பக்கம். ரெண்டாவது பொல்லாதது. பெக்கா லெவி, எலன் லாங்கர் என்று ரெண்டு அமெரிக்கப் பெண்மணிகள் 1994-ல் சீனர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் ஞாபகப் பரீட்சை வைத்தார்கள். இளவட்டங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவர்களில் சீனத் தாத்தா பாட்டிகளுக்குத்தான் மார்க் அதிகம். முதுமையைப் பற்றி அங்கே அபிப்பிராயம் உசத்தி என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே லெவி 2002-ல் இன்னொன்றும் சொன்னார். அமெரிக்காவின் ஒஹையோவில் 660 பேரை வருஷக்கணக்காகக் கவனித்ததில், வயசாவதை நல்லபடியாக நினைத்தவர்கள் சராசரியாக 7.5 வருஷம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள்.

(தினம் போகிற தெருவிலேயே வழி தவறினால் அது வேறு சமாசாரம். உடனே டாக்டரிடம் போங்கள். பேர் மறப்பது எனக்கே உண்டு, வயது 38.)

போன ஞாயிறு அந்தப் பக்கத்து ஸீட்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். “வந்ததும் முதல்ல உங்க பேரைச் சொல்லிடுங்க ஸார், ப்ளீஸ்” என்று போனிலேயே கெஞ்சிவிட்டேன். சொன்னார். அப்புறம் ரெண்டு மணி நேரம் ஒரே கச்சேரி! நடுவில் அவர், “1983-ல நமக்கு ஒரு சிடுமூஞ்சி மேனேஜர் வந்தானே... பேரு... பேரு...” என்று நெற்றியைத் தேய்த்தார். அப்பா, மேனேஜர் பேரை இனிஷியலோடு சொன்னார். அவருடைய ஆறு இலக்க டெலிபோன் நம்பரையும் சொன்னார். அவர் வீட்டு நாய் பேரையும் விடவில்லை.

அவரை வழியனுப்பிவிட்டு, “நாளைக்குப் பார்க் பக்கம் போகணும்டா” என்றார்.

“கால் வலி எப்படிப்பா இருக்கு?”

“எந்தக் கால் வலி?”