பந்தை அடிப்பவரும் நிலத்தை அறிந்தவரும்

கோல்ஃப் என்றதும் செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவது நம் வழக்கம். நகரின் நடுவே நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிலருக்காக ஒதுக்கப்படுவது குறித்த விமரிசனத்தில் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு குழியை எவ்வாறு ஆடுவது என்னும் உத்தியைப் பற்றித் தொடர்ந்து வாசித்தபோது, அது வேறொரு கேள்விக்கு என்னை இட்டுச்சென்றது. நிலத்தைப் பற்றிய அறிவு யாருடையது என்பதே அக்கேள்வி. அந்தமான் மொழிகளைக் குறித்து ஆய்வு செய்யும் எவருக்கும் அது அயலான கேள்வியன்று. ஆகவே முதலில் ஆட்டத்தைப் பற்றியும், பின்னர் நம் துறையைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஆட்டத்தை அறியாதோருக்குச் சில சொற்கள். முழு ஆடுகளம் பதினெட்டுக் குழிகளைக் கொண்டது. 'குழி' என்பது இறுதியில் பந்து விழும் துளையை மட்டுமன்றி, அதை நோக்கிச் செல்லும் முழுப் பாதையையும் குறிக்கும். 'டீ' என்னும் தொடக்க இடத்திலிருந்து, 'ஃபேர்வே' என்னும் சீரான புல்வெளி வழியே, துளை அமைந்த 'கிரீன்' என்னும் மென்புல் தளத்தை அடைய வேண்டும். வழியில் மணற்பள்ளமும் நீரும் புதரும் காத்திருக்கும்.

புதிதாக ஆடுபவர் டீயில் நின்று, தம் வலிமைக்கு எட்டியமட்டும் தொலைவாக அடிக்க முயல்கிறார். தேர்ந்தவர் அந்தக் குழியை இறுதியிலிருந்து பின்னோக்கி வாசிக்கிறார். இன்று துளை கிரீனின் எந்தப் பக்கத்தில் வெட்டப்பட்டுள்ளது? அதை எந்தத் திசையிலிருந்து அணுகுவது எளிது? அப்படியானால் முதல் அடியில் பந்து ஃபேர்வேயின் எந்த ஓரத்தில் நிற்க வேண்டும்? அதற்கு எந்த மட்டை பொருந்தும்? தமிழ் வாக்கியமும் இவ்வாறே இயங்குகிறது. 'அவன் உண்கிறான்' என்பதற்கும் 'அவனுக்குப் பசிக்கிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இறுதியில் வரும் வினையே தீர்மானிக்கிறது; ஆயினும் பேசுபவர் முதற்சொல்லிலேயே வேற்றுமை உருபைச் சேர்த்துவிடுகிறார். முடிவை அறிந்தவரால்தான் தொடக்கத்தைச் சரியாக அமைக்க முடியும்.

உத்தியின் இரண்டாம் பாடம், நம்முடைய மிகச் சிறந்த அடியை நம்முடைய வழக்கமான அடி என்று எண்ணாதிருப்பது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறைப் போட்டிகளில் பதிவான அடிகளை ஆராய்ந்து 2014இல் 'எவ்ரி ஷாட் கவுன்ட்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். எட்டு அடி தொலைவிலிருந்து பந்தைத் துளைக்குள் உருட்டுவதில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறத்தாழப் பாதி முறைதான் வெற்றி பெறுகின்றனர் என்பது அவருடைய கண்டறிதல்களுள் ஒன்று. உலகின் தேர்ந்த கைகளுக்கே அடிகள் சிதறுகின்றன என்றால், கொடியை மட்டும் குறிவைப்பது அறிவுடைமையாகாது. சிதறலின் பரப்பு முழுவதும் பிழைக்கக்கூடிய இடத்தில் விழுமாறு குறியைத் தேர்வதே உத்தி.

2019ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாள் இதற்குச் சான்று. அகஸ்டா ஆடுகளத்தின் பன்னிரண்டாம் குழி 155 கஜம் மட்டுமே நீளமுடையது. ஆனால் அதன் கிரீன் ஆழமற்றது, முன்னால் ஓடை. கொடி வலப்புறம் இருந்தது. முன்னணியில் இருந்த ஃபிரான்செஸ்கோ மொலினாரியின் பந்து ஓடையில் விழுந்தது. டோனி ஃபினாவின் பந்தும் விழுந்தது. முந்தைய குழுவில் புரூக்ஸ் கெப்காவின் பந்தும் இயன் போல்டரின் பந்தும் அங்கேயே விழுந்திருந்தன. டைகர் வுட்ஸ் கொடியை விட்டு, இடப்புறத்துப் பாதுகாப்பான பகுதிக்கு அடித்தார். யாரும் வியந்து கைதட்டும் அடியன்று அது. அந்த ஆண்டின் பட்டம் அவருக்கே சென்றது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. தில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி ஆடுகளம் பழைய கல்லறை மண்டபங்களுக்கு இடையே அமைந்தது. ஃபேர்வேக்கள் குறுகலானவை, இருபுறமும் அடர்ந்த புதர். புதருக்குள் சென்ற பந்தை வெளியே எடுக்கவே ஓர் அடி வீணாகும். 2025 அக்டோபரில் அங்கு நடைபெற்ற போட்டிக்கு வந்த ரோரி மெக்கில்ராய், நெடுந்தொலைவு அடிக்க உதவும் டிரைவர் என்னும் மட்டையை ஒதுக்கிவைத்துவிட்டே ஆடினார். உலகிலேயே அம்மட்டையை மிகச் சிறப்பாகக் கையாள்வோரில் ஒருவர் அவர். அங்கே நிலம் சொன்னதைக் கேட்பதே உத்தியாயிற்று.

நிலம் சொல்வதை முதலில் கேட்டவர் யார்? கிரீன் எப்பக்கம் சரிகிறது, மாலையில் காற்று எங்கே திரும்புகிறது, எந்தப் புதரிலிருந்து மீள முடியும் என்பனவற்றை அங்கே ஆண்டுக்கணக்காக நடந்தவரே அறிவார். பையைச் சுமந்து உடன் நடப்பவரைக் 'கேடி' என்பர். தமிழில் இச்சொல் போக்கிரி என்னும் பொருளில் ஏற்கெனவே வழங்குவது ஒரு தற்செயல். இங்கே அப்பொருளை மறந்து வாசிக்க வேண்டுகிறேன். தனியாள் போட்டியில், எந்த மட்டையை எடுப்பது, எப்படி ஆடுவது என்பன குறித்து ஆட்டக்காரர் தம் கேடியிடம் மட்டுமே ஆலோசனை கேட்கலாம் என்பது கோல்ஃப் விதி. சட்டம் அவரைச் சுமைதூக்குபவராக மட்டும் கருதவில்லை. அறிவுரைக்கு உரியவர் அவர் ஒருவரே என்று ஏற்கிறது.

ஆனால் வரலாறு அவரை அவ்வாறு எழுதவில்லை. மாஸ்டர்ஸ் போட்டியில் 1982 வரை ஆட்டக்காரர்கள் அகஸ்டா கிளப்பின் கேடிகளையே அமர்த்திக்கொள்ள வேண்டும், அவர்கள் கறுப்பினத்தவர். அந்த கிரீன்களின் நுட்பமான சரிவுகளை அவர்கள் தலைமுறையாகக் கற்றுவைத்திருந்தனர். பென் கிரென்ஷா 1984இலும் 1995இலும் வென்றபோது உடன் நடந்தவர் கார்ல் ஜாக்சன். 1983இல் வெளியிலிருந்து கேடிகளை அழைத்துவரும் உரிமை ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த பின், உள்ளூர்க் கேடிகளில் பெரும்பாலோர் அப்போட்டியிலிருந்து மறைந்தனர். அவர்கள் கண்டறிந்தவை மட்டும் பொது அறிவாக அங்கேயே தங்கின.

எஸ். எஸ். பி. சௌராசியாவின் கதை இதற்கு மறுபக்கம். 1829இல் நிறுவப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் அவருடைய தந்தை புல்தளப் பராமரிப்பாளர். அந்த வளாகத்திலேயே வளர்ந்து, பார்த்துப் பார்த்து ஆட்டத்தைக் கற்ற மகன், 2008இல் மேலே குறிப்பிட்ட தில்லி ஆடுகளத்திலேயே இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அவர் நெடுந்தொலைவு அடிப்பவரல்லர். நிலத்தைப் பேணியவரின் வீட்டிலிருந்து மட்டையும் பிடித்த அரிய நிகழ்வு அது. அரிதாகவே இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

ஒரு மறுப்பு எழக்கூடும். கேடி ஆயிரம் சொல்லலாம். பந்தை அடிப்பது ஆட்டக்காரரின் கைதானே? உண்மை. தொலைக்காட்சியில் மொலினாரியின் தோல்வியைப் பார்த்த எவரும் அந்தக் கையின் தனிமையை உணர்ந்திருப்பர். வெற்றி ஆட்டக்காரருடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. வெற்றிக்குக் காரணமான அறிவும் அவருடையதே என்று எழுதும்போதுதான் பிழை நேர்கிறது. 2022 முதல் முதன்மைத் தொழில்முறைப் போட்டிகளில், கிரீனின் சரிவுகளை நுணுக்கமாக அச்சிட்ட கையேடுகளுக்குத் தடை உள்ளது. ஆட்டக்காரரும் கேடியும் தாமே கண்டறிந்தவற்றைக் கையால் குறித்துக்கொள்ளலாம். நடந்து பெற்ற அறிவுக்கு ஒரு விளையாட்டு தரும் மதிப்பு அது.

இனி நம் துறைக்கு வருகிறேன். கள மொழியியலில் ஆய்வாளர் பந்தை அடிப்பவர். மொழியைப் பேசுபவர் நிலத்தை அறிந்தவர். அந்தமான் மொழிகளைப் பற்றி எம். வி. போர்ட்மன் 1898இல் வெளியிட்ட நூலின் ஆசிரியர் இடத்தில் அந்த ஆங்கிலேய அதிகாரியின் பெயர் மட்டுமே நிற்கிறது. ஒவ்வொரு சொல்லும் அந்தமானியர் வாயிலிருந்து வந்தது. பெரிய அந்தமானிய மொழியின் இலக்கணம் உடலின் பகுதிகளை ஏழு வகையாகப் பகுத்து, அப்பகுப்பின்மீது கட்டப்பட்டது என்பதை அன்விதா அப்பி விரிவாக நிறுவினார். அவருடன் நெடுங்காலம் பேசிய போவா அம்மையார் 2010 ஜனவரியில் மறைந்தபோது, அகா-போ மொழியைப் பேசும் இறுதிக் குரல் அடங்கியது. அவருடைய பெயர் உலகச் செய்தியானது. பெரும்பாலான பேச்சாளர்களின் பெயர் நன்றியுரையின் ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது, அல்லது 'தகவலாளர் 3' என்னும் குறியீடாகிவிடுகிறது.

பேச்சாளர் தருவது சொற்பட்டியல் மட்டுமன்று. 'இப்படிச் சொன்னால் தொலைவில் இருப்பவரைக் குறிக்கும், அப்படிச் சொன்னால் இறந்தவரைக் குறிக்கும்' என்று ஒருவர் விளக்கினால், அது பகுப்பாய்வு. அதை நம் கண்டுபிடிப்பாக எழுதுவது, உடன் நடந்தவர் காட்டிய சரிவை நாமே கண்டதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே என் கருத்து இது. எடுத்துக்காட்டு வாக்கியம் ஒவ்வொன்றின் கீழும், அதைச் சொன்னவர் இசைந்தால், அவருடைய பெயர் இடம்பெற வேண்டும். விளக்கம் அவருடையதாயின், பேராசிரியர் ஒருவரின் கட்டுரையை மேற்கோள் காட்டும் அதே முறையில், உரைக்குள்ளேயே அவரைக் காட்ட வேண்டும். பகுப்பாய்வில் தொடர்ந்து பங்கேற்றவர் கட்டுரையின் இணை ஆசிரியராக வேண்டும். பெயர் வெளிவருவது சிலருக்கு ஊறு விளைவிக்கும் என்பதும், அந்தமானின் சில சமூகங்களைத் தேடிச் செல்வதே தகாது என்பதும் உண்மை. அதனால்தான் இசைவு முதல் நிபந்தனையாகிறது. கேட்காமல் மறைப்பதைப் பாதுகாப்பு என்று அழைக்க இயலாது.

ஆய்வேட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் குழுக்களில் பலர் இதை வாசிக்கக்கூடும். அடுத்த முறை ஒரு மாணவர் இணை ஆசிரியர் இடத்தில் பட்டமில்லாத ஒருவரின் பெயரை எழுதி வந்தால், அவருடைய தகுதிச் சான்றிதழ் எங்கே என்று கேட்பதற்கு முன், அந்த நிலத்தில் அவர் எத்தனை ஆண்டு நடந்திருக்கிறார் என்று கேளுங்கள்.