ஆழ்துளைக் கிணறு நமது. நீர் நமது மட்டுமன்று

மதீனாவின் ஹர்ரா வாய்க்கால் நீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. மேல்மடையில் இருந்த ஸுபைர் தம் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு, அண்டை நிலத்தாருக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்றே நபி (ஸல்) அவர்கள் முதலில் தீர்ப்பளித்தார்கள். புகாரியில் பதிவான நிகழ்வு இது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணையின் பாசனம் எட்டாத சிற்றூர்களுக்குக் கிணறுகளே கதி. கடும்பாறையின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே அவற்றின் இருப்பு. இன்று மேல்மடை, ஆழமாகத் துளையிட்டவரிடம் இருக்கிறது. மின்சாரம் இலவசம் என்று அவர் கரும்புக்கு நிரம்பப் பாய்ச்சினால், பக்கத்து மணிலாக் கொல்லையின் கிணறு வற்றக்கூடும்.

சவூதி அரேபியா 1980களில் தொன்மையான நிலத்தடி நீரை இறைத்துப் பாலையில் கோதுமை விளைவித்தது, ஏற்றுமதியும் செய்தது. மழையால் மீளாத அந்நீர் குறையவே, 2008இல் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்து, 2016இல் நிறுத்தியது. எண்ணெய்ச் செல்வத்தாலும் இழந்த நீரை மீட்க இயலவில்லை.

நமக்கு வழி திறந்தே இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் வேரடிக்கு மட்டும் நீரளிக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியம் வழங்குகிறது. ஆயினும், மிச்சமான நீரில் மேலும் ஓர் ஏக்கர் கரும்பு நட்டால் மிச்சம் ஏது? சேமித்தது நிலத்தடியில் தங்கினால்தான் அண்டை நிலத்தாருக்குச் சேரும்.

உளூவில் வீண்விரயம் கூடாதெனக் கூறும் ஜுமுஆ பயான்கள், வயலின் நீரையும் பேசட்டும். அதுவும் அல்லாஹ்வின் அமானிதமே.